ஜேம்ஸ் பாஸ்வெல்

ஜேம்ஸ் பாஸ்வெல் (அக்டோபர் 29, 1740 – மே 19, 1795) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வழக்கறிஞரும் நாட்குறிப்பு எழுத்தாளரும் ஆவார். ஆங்கில அகராதியைத் தொகுத்த சாமுவேல் ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் என்ற வகையில் இவர் பரவலாக அறியப்படுகிறார். 1773 ஆம் ஆண்டில் ஜான்சனை அழைத்துக்கொண்டு ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களுக்கும் ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கும் இவர் மேற்கொண்ட பயணம் புகழ்பெற்றது. அந்நாட்டின் கடற்கரைக் கோட்டைகளில் வாழ்ந்த குலத்தலைவர்களின் உலகம் கலைந்துகொண்டிருந்த வேளையில் அதை உள்ளிருந்து கண்டு எழுதிய பதிவுகளுள் இவருடையது முதன்மையான ஒன்று. தம் முன்னோரைப் பற்றி அளவுகடந்த பெருமை கொண்டிருந்தவர் பாஸ்வெல். அவருடைய வழித்தோன்றல்களோ அவரை எண்ணிக் கூச்சமடைந்தனர். அவர் விட்டுச்சென்ற தாள்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக வெளியுலகின் கண்ணில் படவில்லை.

பிறப்பும் முன்னோரும்

பாஸ்வெல் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் பாஸ்வெல் வழக்கறிஞராக இருந்து, 1754 இல் உயர் நீதிமன்ற நீதிபதியானார். அப்போது முதல் தமது பண்ணையின் பெயரால் ஆக்கின்லெக் பிரபு என அழைக்கப்பட்டார். ஸ்காட்லாந்து நீதிபதிகளுக்கு வழங்கப்படும் இப்பட்டம் பதவிக்கு மட்டுமே உரியது, மகனுக்கு வருவதில்லை. எனவே மூத்த மகனான ஜேம்ஸ் பிற்காலத்தில் நிலக்கிழார் ஆனாரேயன்றிப் பிரபு ஆகவில்லை.

ஆக்கின்லெக் பண்ணை தென்மேற்கு ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர் பகுதியில் உள்ளது. 1504 இல் மன்னர் நான்காம் ஜேம்ஸ் இதனைத் தாமஸ் பாஸ்வெல் என்பவருக்கு அளித்தார். 1513 இல் ஃபிளாடன் போர்க்களத்தில் மன்னரும் மாண்டார், தாமஸ் பாஸ்வெல்லும் மாண்டார். ஜேம்ஸ் பாஸ்வெல்லின் கொள்ளுப்பாட்டி வெரோனிகா ஒல்லாந்து நாட்டு உயர்குடிப் பெண். அவரை மணந்தவர் கின்கார்டின் பிரபுவான அலெக்சாண்டர் புரூஸ். இந்த வழியில் தம் உடலில் அரசர் ராபர்ட் புரூசின் குருதி ஓடுவதாகப் பாஸ்வெல் வாழ்நாள் முழுவதும் சொல்லி மகிழ்ந்தார்.

பண்ணையில் மூன்று காலத்து வீடுகள் அருகருகே இருந்தன. முதலாவது, ஆற்றோரப் பாறை மீது இடிந்து கிடந்த பழைய கோட்டை. இரண்டாவது, அதற்குப் பின் வந்த தலைமுறைகள் வாழ்ந்த பழைய மாளிகை. மூன்றாவது, 1760 ஆம் ஆண்டையொட்டித் தந்தை கட்டிய புதிய மாளிகை. தந்தைக்குப் புதிய மாளிகை பெருமை. மகனுக்கு இடிந்த கோட்டை பெருமை. இருவருக்கும் இடையில் இருந்த வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

கல்வியும் இளமையும்

பதின்மூன்றாம் வயதில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பாஸ்வெல், 1759 இல் கிளாஸ்கோவுக்கு அனுப்பப்பட்டு அங்கு ஆடம் சிமித்தின் விரிவுரைகளைக் கேட்டார். 1760 இல் கத்தோலிக்க சமயத்தைத் தழுவும் எண்ணத்துடன் இலண்டனுக்கு ஓடிப்போனார். கத்தோலிக்கர் ஒருவர் அக்காலச் சட்டப்படி வழக்கறிஞராகவோ நாடாளுமன்ற உறுப்பினராகவோ ஆக முடியாது. எனவே குடும்பம் பதறியது. மகன் விரைவில் திருப்பி அழைத்து வரப்பட்டார். ஆனால் இலண்டன் மீது அப்போது பிறந்த மோகம் இறுதிவரை தீரவில்லை.

1762 இன் இறுதியில் மீண்டும் இலண்டன் சென்றார். மே 16, 1763 அன்று தாமஸ் டேவிஸ் என்பவரின் புத்தகக் கடையில் சாமுவேல் ஜான்சனைச் சந்தித்தார். ஜான்சனுக்கு ஸ்காட்லாந்து நாட்டவர் மீது இளக்காரம் உண்டு என்பது ஊரறிந்தது. இருந்தும் ஐம்பத்து மூன்று வயது அறிஞருக்கும் இருபத்திரண்டு வயது இளைஞருக்கும் இடையில் நட்பு உடனே வேரூன்றியது. அதே ஆகஸ்ட் மாதம் பாஸ்வெல் சட்டம் பயில ஒல்லாந்தின் உட்ரெக்ட் நகருக்குக் கப்பலேறியபோது, வழியனுப்பத் துறைமுகம் வரை ஜான்சன் உடன் வந்தார்.

பின்னர் ஐரோப்பாவைச் சுற்றிய பாஸ்வெல், 1764 டிசம்பரில் ரூசோவையும் வால்டேரையும் அடுத்தடுத்துச் சந்தித்துப் பேசினார். 1765 இல் கோர்சிகா தீவுக்குச் சென்று, ஜெனோவாவின் ஆட்சிக்கு எதிராகப் போராடிய பஸ்குவாலே பவோலியுடன் தங்கினார். இதைப் பற்றி 1768 இல் வெளியான நூலே இவருக்கு முதலில் புகழ் தந்தது. 1766 இல் எடின்பரோவில் வழக்கறிஞராகப் பதிவு பெற்றார். 1769 நவம்பர் 25 அன்று உறவுப் பெண்ணான மார்கரெட் மான்ட்கோமரியை மணந்தார். மனைவியை இழந்திருந்த தந்தையும் அதே நாளில் வேறோர் இடத்தில் மறுமணம் செய்துகொண்டார். அது தற்செயல் அல்ல என்றே மகன் கருதியிருக்க வேண்டும்.

1773 ஆம் ஆண்டுப் பயணம்

1745 இல் ஸ்டூவர்ட் அரச மரபின் இளவரசர் சார்லஸ் இழந்த அரியணையை மீட்க மேட்டுநிலக் குலங்களைத் திரட்டிப் போரிட்டு, 1746 ஏப்ரலில் கல்லோடன் களத்தில் தோற்றார். அதன்பின் இலண்டன் அரசு குலத்தலைவர்களின் பரம்பரை நீதி அதிகாரத்தை ஒழித்தது. மேட்டுநில உடையை அணிவதையும் தடை செய்தது. பாஸ்வெல்லும் ஜான்சனும் அங்கு சென்றபோது இந்நிகழ்வுகள் நடந்து இருபத்தேழு ஆண்டுகளே ஆகியிருந்தன. போரில் பங்கெடுத்தவர் பலர் உயிருடன் இருந்தனர்.

ஜான்சன் ஆகஸ்ட் 14 அன்று எடின்பரோ வந்து சேர்ந்தார். மார்கரெட் தமது படுக்கையறையையே விருந்தினருக்கு விட்டுக்கொடுத்தார். எரியும் மெழுகுவர்த்தியைத் தலைகீழாகப் பிடித்துக் கம்பளத்தில் மெழுகைச் சொட்டவிடும் அவருடைய பழக்கத்தை மட்டும் அவரால் இரசிக்க முடியவில்லை. ஆகஸ்ட் 18 அன்று பயணம் தொடங்கியது. நண்பர்களுடன் பொஹீமியாவைச் சேர்ந்த ஜோசப் ரிட்டர் என்ற பணியாளரும் சென்றார். கிழக்குக் கடற்கரை வழியாக வடக்கே இன்வர்னெஸ் வரை வண்டியிலும், அங்கிருந்து மேற்குக் கடற்கரை வரை குதிரையிலும், தீவுகளுக்கிடையில் படகிலும் சென்றனர். 83 நாள்கள் கழித்து எடின்பரோ திரும்பினர்.

பாஸ்வெல் அன்றன்றைய உரையாடல்களைக் குறிப்பெடுத்து நாட்குறிப்பாக விரித்தெழுதினார். ஜான்சன் அதை வழியிலேயே வாங்கிப் படித்து வந்தார். எழுதப்படுபவர் எழுத்தை உடனிருந்து படித்துக்கொண்டே வருவது வாழ்க்கை வரலாற்று இலக்கியத்தில் அரிது.

ஸ்லெய்ன்ஸ் கோட்டை: ஆகஸ்ட் 24 அன்று, வடகடலின் மீது செங்குத்தாக நிற்கும் பாறை விளிம்பில் கட்டப்பட்ட இக்கோட்டையில் எரால் பிரபுவின் விருந்தினராக இரவு தங்கினர். அப்பிரபுவின் தந்தையான கில்மார்நாக் பிரபு, 1745 கிளர்ச்சியில் சேர்ந்ததற்காக 1746 இல் இலண்டனில் தலை துண்டிக்கப்பட்டவர். அலைகளின் இரைச்சலும், தலையணையில் அடைத்திருந்த கடற்பறவை இறகுகளின் நாற்றமும், கில்மார்நாக் பிரபுவின் ஆவி வருமோ என்ற அச்சமும் சேர்ந்து பாஸ்வெல்லைத் தூங்கவிடவில்லை. இதை அவர் ஒளிக்காமல் எழுதி வைத்தார். தமக்குச் சிறுமை தரும் செய்தியையும் மறைக்காமல் பதிவதே இவருடைய எழுத்தின் பலம். குடும்பத்தினரை நெளிய வைத்ததும் இதுவே.

ராசே தீவு: செப்டம்பர் 8 அன்று ஸ்கை தீவிலிருந்து அடுத்துள்ள ராசே தீவுக்குப் படகில் சென்றனர். 1746 இல் அரசுப் படையினர் இத்தீவின் வீடுகளுக்குத் தீ வைத்திருந்தனர். தோல்விக்குப் பின் தப்பியோடிய இளவரசருக்கு வழித்துணையாகச் சென்ற மால்கம் மெக்லவுட் இங்கு முதியவராக வாழ்ந்து வந்தார். ஜான்சனை வீட்டில் விட்டுவிட்டு, விடியற்காலையில் மால்கமுடன் கால்நடையாகப் புறப்பட்ட பாஸ்வெல், தீவின் உயர்ந்த குன்றான டன் கானின் உச்சியில் ஏறி நடனமாடினார். கிழக்குக் கரையில் கடலோரப் பாறை மீது நின்ற புரோக்கல் கோட்டையையும் பார்வையிட்டார். ராசே மெக்லவுட்களின் முன்னோர் வாழ்ந்த அக்கோட்டை அப்போதே பாழாகிக் கிடந்தது. அதன் அறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது அங்கு கழிப்பறை இருந்ததைக் கண்டறிந்தார். தலைவரின் புதிய மாளிகையில் அவ்வசதி இல்லை. இந்தச் செய்தி அன்றைய இரவு உணவின்போது பெரும் சிரிப்பை விளைவித்தது.

செப்டம்பர் 12 அன்று ஸ்கை தீவின் கிங்ஸ்பரோவில் ஃபுளோரா மெக்டொனால்டின் வீட்டில் தங்கினர். இளவரசரைப் பணிப்பெண் வேடத்தில் படகேற்றிக் காப்பாற்றியவர் இவரே. இளவரசர் படுத்த கட்டிலிலேயே ஜான்சன் படுத்தார். அரசர் மூன்றாம் ஜார்ஜிடம் ஓய்வூதியம் பெற்றுவந்த ஒருவர் அக்கட்டிலில் படுத்திருந்த காட்சியைப் பாஸ்வெல் மிகவும் இரசித்தார். ஃபுளோராவின் குடும்பம் அப்போது கடனில் இருந்தது. அடுத்த ஆண்டே வட கரோலினாவுக்குக் குடிபெயர்ந்தது.

டன்வேகன் கோட்டை: மெக்லவுட் குலத்தலைவரின் இக்கோட்டை கடல்நீர் தொடும் பாறை மீது அமைந்தது. இங்கு ஒரு வாரத்துக்கும் மேல் தங்கினர். ஜான்சனின் 64ஆம் பிறந்த நாளும் இங்கேயே வந்தது. குலத்தலைவரான நார்மன் மெக்லவுட் அப்போது இருபது வயதை எட்டாத இளைஞர். பாட்டனாரிடமிருந்து பெருங்கடனும் அவருக்கு வந்து சேர்ந்திருந்தது. கோட்டையில் வாழ்வது வசதிக் குறைவு எனவும், சில மைல்களுக்கு அப்பால் தோட்டம் வைக்க ஏற்ற நிலத்தில் புது வீடு கட்ட வேண்டும் எனவும் அவருடைய தாயார் விரும்பினார். நண்பர்கள் இருவரும் இதைக் கடுமையாக எதிர்த்தனர். குலத்தின் வேர் அப்பாறையில் இருக்கிறது, அதை விட்டால் குலமும் போகும் என்பது அவர்களுடைய வாதம். ஆனால் அந்த ஈரச் சுவர்களுக்குள் குளிர்காலம் முழுவதும் குடும்பம் நடத்த வேண்டியவர் அந்த அம்மையார்தான், விருந்தாளிகள் அல்லர் என்பதையும் கருத வேண்டும். நார்மன் பின்னாளில் படைத்தளபதியாக இந்தியாவுக்கு வந்து, 1782 இல் மலபார்க் கடற்கரையின் பொன்னானியில் திப்பு சுல்தானின் படையுடன் மோதினார்.

குடிபெயர்வு பற்றிய குறிப்புகள் நாட்குறிப்பில் அடிக்கடி வருகின்றன. வாரத்தை உயர்த்திய நிலக்கிழார்களைப் பொறுக்காமல் ஊர் ஊராக மக்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தனர். ஸ்கையின் ஆர்மடேல் என்னும் இடத்தில் அமெரிக்கா என்ற பெயரில் ஒரு நடனமே ஆடப்பட்டது. ஒவ்வோர் இணையாக ஆடத் தொடங்கி இறுதியில் அனைவரும் சுழல்வர். ஒருவரைப் பார்த்து ஒருவராக ஊரே புறப்பட்டுப் போவதை அது காட்டியது.

கோல், மல், அயோனா: அக்டோபர் 3 அன்று மல் தீவுக்குப் புறப்பட்ட படகு புயலில் சிக்கி, கோல் தீவில் ஒதுங்கியது. நடுக்கடலில் அஞ்சி நின்ற பாஸ்வெல், தாம் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா எனக் கேட்டார். உடன் வந்த கோல் தீவின் இளம் தலைவர் டொனால்ட் மெக்லீன் அவர் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்து, சொல்லும்வரை இறுகப் பிடித்திருக்குமாறு கூறினார். அக்கயிற்றால் படகுக்கு எப்பயனும் இல்லை. அஞ்சியவருக்கு ஒரு வேலை கொடுக்கவே அது தரப்பட்டது என்பது பின்னர்தான் பாஸ்வெல்லுக்குப் புரிந்தது. இந்த இளைஞர் அடுத்த ஆண்டு அதே கடற்பகுதியில் படகு கவிழ்ந்து இறந்தார்.

மெக்லீன் குலத்தின் தலைவர் சர் ஆலன் மெக்லீனை இன்ச் கென்னத் என்ற சிறு தீவில் எளிய வீடொன்றில் கண்டனர். குலத்தின் நிலங்களில் பெரும்பகுதி ஆர்கைல் பிரபுக்களிடம் போய்விட்டிருந்தது. அவருடன் சென்று, புனித கொலம்பா மடம் நிறுவிய அயோனா தீவில் இறங்கி, ஒரு களஞ்சியத்தில் வைக்கோல் மீது உறங்கினர். அரசர்களின் கல்லறைகள் என்று காட்டப்பட்டவை பாஸ்வெல்லுக்கு ஏமாற்றமே அளித்தன. எனினும் மறுநாள் காலை தனியாகத் திரும்பிச் சென்று, கூரையிழந்த பேராலயத்தில் நின்று விவிலியத்தை உரக்கப் படித்தார்.

மல் தீவின் தென்கரையில் லாக்பூயி தலைவரின் பழைய கோட்டையான மோய், ஆளில்லாமல் கிடந்தது. பரம்பரை நீதி அதிகாரம் ஒழிக்கப்பட்ட பின்பும் அத்தலைவர் அதன் பாதாளச் சிறையில் சிலரை அடைத்து, அதற்காக நீதிமன்றத்தில் தண்டத்தொகை கட்டியவர். அவருடைய பழைய உலகத்தைப் பாஸ்வெல் எவ்வளவு விரும்பினாலும், தண்டம் விதித்த அதே நீதித்துறையில்தான் அவருடைய தந்தை நீதிபதியாக அமர்ந்திருந்தார்.

ஆக்கின்லெக்கில் ஜான்சன்

நவம்பர் 2 அன்று நண்பர்கள் ஆக்கின்லெக் வந்தனர். பாஸ்வெல் தமது முன்னோரின் கதைகளை ஜான்சனிடம் சொல்லி, இடிந்த கோட்டையைக் காட்டினார். தந்தையின் புதிய மாளிகையைவிட அந்தப் பாழே ஜான்சனைக் கவர்ந்தது. தந்தை விக் கட்சியினர், பிரெஸ்பிட்டீரியன் திருச்சபையினர். ஜான்சனோ டோரி, இங்கிலாந்துத் திருச்சபையினர். அரசியலையும் சமயத்தையும் பேச வேண்டாம் என மகன் முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தும் பயனில்லை. தந்தை தமது நாணயத் தொகுப்பைக் காட்டியபோது, ஆலிவர் குரோம்வெல்லின் பதக்கம் ஒன்று கண்ணில் பட்டது. பேச்சு முதலாம் சார்லஸ் மன்னரின் தலை துண்டிக்கப்பட்டது வரை சென்று பெரும் சண்டையாக முடிந்தது. பிறருடைய சண்டைகளை வரிக்கு வரி எழுதிய பாஸ்வெல் இந்தச் சண்டையின் விவரத்தை மட்டும் அச்சில் தரவில்லை.

தந்தை மகன் பிணக்கு நிலத்தைப் பற்றியும் இருந்தது. எவ்வளவு தூரத்து உறவாயினும் ஆண் வாரிசுக்கே பண்ணை செல்ல வேண்டும் என்பதில் பாஸ்வெல் பிடிவாதமாக இருந்தார். அப்போது அவருக்கு இருந்தவர்கள் பெண் குழந்தைகள். இருந்தும் அவ்வாறு கூறினார். ஜான்சன் இதை ஏற்காமல் பெண்களின் உரிமைக்காக அவருக்கு நீண்ட கடிதங்கள் எழுதினார். 1775 இல் மகன் பிறந்த பின், 1776 இல் ஒருவாறு உடன்பாடு கையெழுத்தானது. 1782 இல் தந்தை இறக்க, பாஸ்வெல் ஆக்கின்லெக்கின் ஒன்பதாம் நிலக்கிழார் ஆனார். அவ்வளவு போற்றிய ஊரில் தொடர்ந்து சில மாதங்கள் வாழவும் அவரால் முடியவில்லை; மனம் இலண்டனிலேயே இருந்தது.

வழக்கறிஞர் பணி

ஏழைக் குற்றவாளிகளுக்காக வாதாடுவதில் பாஸ்வெல் ஆர்வம் காட்டினார். ஆடு திருடிய குற்றத்துக்காக 1774 இல் ஜான் ரீட் என்பவர் தூக்கிலிடப்பட்டதைத் தடுக்க முடியாமல் போனது அவரை நெடுநாள் வாட்டியது. ஆஸ்திரேலியக் கைதிக் குடியேற்றத்திலிருந்து சிறு படகில் தப்பி வந்து பிடிபட்ட மேரி பிரையன்ட் என்ற பெண்ணின் விடுதலைக்கு முயன்றதுடன், 1793 இல் அவர் விடுதலையான பின் ஆண்டுக்குப் பத்து பவுண்டு உதவித்தொகையும் அளித்தார். இதே மனிதர் அடிமை வணிகத்தை ஆதரித்தவர் என்பதையும் குறிப்பிட வேண்டும். 1791 இல் அடிமை ஒழிப்பை எதிர்த்து ஒரு நீண்ட கவிதையை வெளியிட்டார். ஜான்சன் அடிமை முறையை வன்மையாகக் கண்டித்தவர். அவருடைய வாதத்தை நூலில் முழுமையாகத் தந்துவிட்டு, தாம் அதை ஏற்கவில்லை என்றும் பாஸ்வெல் எழுதினார்.

நூல்களும் இறுதிக் காலமும்

ஜான்சன் தமது பயண நூலை 1775 இல் வெளியிட்டார். 1784 டிசம்பரில் அவர் இறந்த பின், பாஸ்வெல் தமது ஹெப்ரிடீஸ் பயண நாட்குறிப்பை எட்மண்ட் மலோன் என்ற அறிஞரின் உதவியுடன் செப்பனிட்டு 1785 அக்டோபரில் வெளியிட்டார். நூல் விரைவாக விற்று, அந்த ஆண்டின் இறுதியிலேயே இரண்டாம் பதிப்பு கண்டது. விருந்தளித்த வீட்டில் பேசியவை அச்சேறியதால் பலர் சினம் கொண்டனர். கஞ்சத்தனம் உள்ளவராகக் காட்டப்பட்ட மெக்டொனால்ட் பிரபு வசைக் கடிதம் அனுப்பினார். வாள் சண்டை வரை போகாமல் அது ஒருவாறு தணிந்தது.

1786 இல் குடும்பத்துடன் இலண்டனில் குடியேறி ஆங்கில நீதிமன்றங்களில் தொழில் நடத்த முயன்று தோல்வியுற்றார். காசநோயால் நலிந்திருந்த மனைவி 1789 ஜூன் மாதம் ஆக்கின்லெக்கில் இறந்தார்; இலண்டனிலிருந்து விரைந்த பாஸ்வெல்லால் உயிருடன் காண முடியவில்லை. குடிப்பழக்கம் மிகுந்தது. இந்நிலையிலும் எழுதி முடித்த ஜான்சனின் வாழ்க்கை வரலாறு, இருவரும் முதலில் சந்தித்த நாளின் 28ஆம் ஆண்டு நிறைவான மே 16, 1791 அன்று வெளியானது. பாஸ்வெல் மே 19, 1795 அன்று இலண்டனில் காலமானார். உடல் ஆக்கின்லெக்குக்குக் கொண்டு செல்லப்பட்டு முன்னோர் அருகில் அடக்கம் செய்யப்பட்டது.

தாள்களின் கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாஸ்வெல் ஒரு பெரிய மனிதரை ஒட்டிக்கொண்டு திரிந்த அசடர் என்றே கருதப்பட்டார். 1831 இல் மெக்காலே எழுதிய கட்டுரை இக்கருத்தை நிலைநிறுத்தியது. குடும்பமும் அவரைப் பற்றிப் பேச விரும்பவில்லை. கையெழுத்துப் படிகள் அழிந்துவிட்டதாக நம்பப்பட்டது. ஆனால் அவை அழியவில்லை. பாஸ்வெல்லின் கொள்ளுப்பேத்தி ஒருவர் அயர்லாந்தில் மாலஹைட் கோட்டையின் டால்பட் பிரபுவை மணந்திருந்ததால், தாள்கள் டப்ளினுக்கு அருகில் கடலோர ஊரான மாலஹைடு வந்து சேர்ந்திருந்தன.

1920களில் இச்செய்தி கசிந்தது. அமெரிக்கச் சேகரிப்பாளர் ரால்ஃப் ஐஷம் 1927 இல் அவற்றை விலைக்கு வாங்கினார். விற்கும் முன் டால்பட் சீமாட்டி சில பகுதிகளை மையால் அழித்தார். 1930 இல் அதே கோட்டையில், குரோக்கே விளையாட்டுச் சாமான்கள் இருப்பதாக எண்ணப்பட்ட பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஹெப்ரிடீஸ் நாட்குறிப்பின் மூலப்படி இருந்தது. அது 1936 இல் அச்சானது. மலோனும் பாஸ்வெல்லும் 1785 இல் நீக்கிய பகுதிகள் அப்போதுதான் தெரியவந்தன. இதற்கிடையில் ஸ்காட்லாந்தின் ஃபெட்டர்கெய்ர்ன் மாளிகையில் வேறொருவரின் கடிதங்களைத் தேடிய கிளாட் அபட், பாஸ்வெல் தாள்களின் மற்றொரு பெருங்குவியலைக் கண்டெடுத்தார். உரிமை வழக்குகள் முடிந்தபின் 1949 இல் ஏல் பல்கலைக்கழகம் ஐஷமிடமிருந்து தொகுப்பை வாங்கியது. 1950 இல் வெளியான இலண்டன் நாட்குறிப்பு பெரும் விற்பனை கண்டது.

பாஸ்வெல் கண்ட இடங்களில் ஸ்லெய்ன்ஸ் கோட்டையின் கூரை 1925 இல் பிரிக்கப்பட்டது. இன்று அது கடலோரத்தில் வெறும் சுவர்களாக நிற்கிறது. ஆக்கின்லெக் மாளிகையைக் குடும்பம் 1986 இல் விற்றது. பின்னர் லேண்ட்மார்க் அறக்கட்டளை அதைப் புதுப்பித்து, பயணிகள் வாடகைக்குத் தங்க ஏற்பாடு செய்தது. டன்வேகன் மட்டும் மெக்லவுட் குலத்தலைவர்களிடமே உள்ளது. இளம் தலைவரின் தாயார் கேட்ட புது வீடு கட்டப்படவில்லை.